வகுப்பில் விக்கியும் வலைப்பூவும்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆசிரியர் பயிற்சிகளிலும், அதற்குப் பிறகு வரும் தொலைபேசி அழைப்புகளிலும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. மேல்நிலைப் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களை மனத்தில் வைத்து எழுதியது. வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் உள்ள பதில்கள் முன்னால் உள்ளவற்றை நம்பி இருக்கின்றன.

விக்கி, வலைப்பூ ரெண்டுமே இணையத்துல எழுதுறதுதானே சார்? என்ன வித்தியாசம்?

யார் எதைத் திருத்தலாம் என்பதுதான் வித்தியாசம். விக்கியில் ஒரு பக்கம் எல்லோருக்கும் பொது. கவிதா எழுதிய வரியை ரஹீம் திருத்தலாம், அதை மேரி நீக்கலாம். பக்கத்தின் தலையில் யார் பெயரும் இருக்காது. கண்ணுக்குத் தெரிவது கடைசி வடிவம்; அதற்கு முந்தைய எல்லா வடிவங்களும் ‘வரலாறு’ என்ற இணைப்புக்குள் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற விவரத்தோடு இருக்கும். வலைப்பூவில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு ஆள், ஒரு தேதி. மற்றவர்கள் கீழே பின்னூட்டம் போடலாம், பதிவுக்குள் கை வைக்க முடியாது. பிளாக்கரில் (கூகுளின் இலவச வலைப்பூத் தளம்) ஒரே வலைப்பூவுக்குப் பத்து மாணவர்களை எழுத்தாளர்களாகச் சேர்த்தாலும், ஒருவர் பதிவை இன்னொருவர் திருத்த முடியாது. நிர்வாகியாக இருப்பவரால் மட்டும் முடியும்.

முதல் விக்கியை வார்டு கன்னிங்காம் 1995 மார்ச்சில் வெளியிட்டது மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் அனுபவங்களைச் சேர்த்துவைப்பதற்காக. பிளாக்கர் 1999-இல் வந்தது. இரண்டுமே வகுப்பறைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. மதிப்பெண் போடுவது, குழு பிரிப்பது எல்லாம் நாமாகத்தான் பொருத்திக்கொள்ள வேண்டும்.

விக்கின்னா விக்கிப்பீடியாதானே? பசங்க அதுலயா எழுதணும்?

இல்லை. விக்கிப்பீடியா ஒரு விக்கி, அவ்வளவுதான். 2001-இல் தொடங்கியது, தமிழ் விக்கிப்பீடியா 2003-இல். உங்கள் வகுப்புக்கு மட்டும் தெரியும்படி, கடவுச்சொல் போட்டு, தனியாக ஒரு விக்கி வைத்துக்கொள்ளலாம். முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். விக்கிப்பீடியாவிலேயே எழுத வைக்கும் ஆசை இருந்தால், கீழே அதற்கென்று நீளமான பதில் ஒன்று இருக்கிறது.

என் பாடத்துக்கு விக்கி சரியா, வலைப்பூ சரியா?

வகுப்பு முழுக்கச் சேர்ந்து ஒரே விடையை நோக்கிப் போக வேண்டிய வேலையா? விக்கி. ஒவ்வொருவருக்கும் தனித்தனி அனுபவம் இருக்கிறதா? வலைப்பூ. ஆய்வகக் குறிப்பு, வாசிப்பு நாட்குறிப்பு, களப்பயணம், கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் பி.எட். மாணவர்களின் அன்றாட அனுபவம் எல்லாம் வலைப்பூவுக்கு ஏற்றவை. கலைச்சொல் தொகுப்பு, சூத்திரங்களும் அவற்றின் விளக்கமும், ஊரின் ஏரி குளங்கள் பற்றிய தகவல்கள் போன்றவை விக்கிக்கு.

தமிழாசிரியர்களுக்கு நான் முதலில் சொல்லும் உதாரணம் திணை விக்கி. தொல்காப்பியம் கருப்பொருளாகத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று எட்டைப் பெயர் சொல்லிச் சொல்கிறது. ஐந்து திணை, எட்டுப் பொருள்: நாற்பது சிறு பக்கங்கள். நாற்பது பேர் வகுப்பை ஐந்து குழுவாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு பக்கம் கிடைக்கும். வேலை சூடுபிடிப்பது பாலைக் குழுவிடம்தான். மாயோன், சேயோன், வேந்தன், வருணன் என்று நான்கு நிலங்களுக்குத் தெய்வம் சொன்ன தொல்காப்பியர் பாலைக்குச் சொல்லவில்லை. கையேட்டில் கொற்றவை என்று இருக்கும். அப்படியானால் பக்கத்தில் என்ன எழுதுவது? பாலைக்குத் தனி நிலம் உண்டா? முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்து பாலை ஆவதைச் சிலப்பதிகாரம் சொல்கிறதே, அதை எந்தப் பக்கத்தில் வைப்பது? விக்கியில் ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் ‘உரையாடல்’ பக்கம் இருப்பது இப்படிப்பட்ட சண்டைகளுக்காகத்தான். ஒரு வகுப்பு அங்கே சண்டை போட ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எதுல தொடங்கறது? காசு ஆகுமா?

கல்லூரியில் மூடுல் (இணையத்தில் பாடம் நடத்த உதவும் மென்பொருள்) இருந்தால் வேறெங்கும் போக வேண்டாம். அதற்குள்ளேயே விக்கி உண்டு. ஒரு எச்சரிக்கை: விக்கியை உருவாக்கும்போதே ‘கூட்டு விக்கி’யா ‘தனிநபர் விக்கி’யா என்று கேட்கும். பிறகு மாற்ற முடியாது, நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். குழு வாரியாகப் பிரிக்கும் வசதியும் அங்கே இருக்கிறது. மூடுல் இல்லாத இடத்தில், விக்கிப்பீடியா ஓடுகிற அதே மீடியாவிக்கி மென்பொருளை இலவசமாகவே நிறுவலாம். ஆனால் வழங்கியை (சர்வர்) பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். கணினித் துறை நண்பர் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வலைப்பூவுக்குப் பிளாக்கர், வேர்ட்பிரஸ் இரண்டுமே இலவசமாகத் தொடங்கக் கூடியவை. வேர்ட்பிரஸில் ‘பங்களிப்பாளர்’ என்ற பொறுப்பைக் கொடுத்தால் மாணவர் எழுதலாம், வெளியிட முடியாது. நீங்கள் பார்த்து ஒப்புதல் தந்த பிறகுதான் வெளியே வரும். பள்ளிகளுக்கு இது நிம்மதி.

கூகுள் டாக்ஸ் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?

நாலு பேர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றால் கூகுள் டாக்ஸே போதும். ஒரே நேரத்தில் பலர் தட்டச்சலாம், பதிப்பு வரலாறும் இருக்கிறது. சொல்லப்போனால் மூடுல் விக்கியில் ஒருவர் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருக்கும்போது மற்றவர்களுக்கு அது பூட்டிக்கொள்ளும். டாக்ஸில் அந்தத் தொல்லை இல்லை.

பக்கங்கள் பல ஆகி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இணைப்புப் போகும்போதுதான் விக்கி வேண்டும். மேலே சொன்ன நாற்பது பக்கங்களை நாற்பது கோப்புகளாக வைத்தால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். விக்கியில் ‘முல்லை யாழ்’ பக்கம் எழுதுகிறவர் ‘குறிஞ்சி யாழ்’ பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பார். கொடுக்கப் போகும்போது அதைப் படித்தாக வேண்டும். அந்தப் படிப்புக்காகத்தான் இவ்வளவும்.

பிள்ளைங்களுக்குத் தமிழ்ல தட்டச்சத் தெரியாது. டைப் பண்ணவே ஒரு பீரியட் போயிடுதே?

கைப்பேசியில் எல்லோருமே தட்டச்சுகிறார்கள், நம்மைவிட வேகமாக. கைப்பேசியிலேயே எழுதட்டும். கணினி ஆய்வகத்தில்தான் சிக்கல் என்றால், விக்கிமீடியா தளங்களில் (விக்கிப்பீடியாவும் அதன் துணைத் தளங்களும்) எழுத்துப்பெயர்ப்பு (ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வருவது), தமிழ்99 விசைப்பலகைகள் உள்ளேயே இருக்கின்றன. எதையும் நிறுவ வேண்டியதில்லை.

பெரும்பாலும் இடிப்பது ஆசிரியர் பக்கம். பழைய வினாத்தாள்கள், குறிப்புகள் எல்லாம் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அதை அப்படியே ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வரும். முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு முறை படித்துப் பாருங்கள், ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் இடம் மாறியிருக்கும்.

ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆச்சு. ஒருத்தர்கூட எழுதல. என்ன தப்பு?

இது உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. பிரிட்டனில் மெலிசா கோல் என்ற விரிவுரையாளர் இளநிலை இறுதியாண்டு வகுப்பில் ஒரு விக்கி திறந்தார். தேர்வில் கால்வாசிக் கேள்வி அதில் மாணவர்கள் எழுதுவதிலிருந்துதான் வரும் என்றும் அறிவித்தார். ஐந்து வாரம் கழித்துப் பார்த்தால் ஒரு பதிவுகூட இல்லை. அதை மறைக்காமல் 2009-இல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார். இந்தத் துறையில் வெற்றிக் கதைகள் நிறைய வருகின்றன. எனக்கு இந்தத் தோல்விக் கதைதான் அதிகம் பயன்பட்டது.

“எல்லோரும் எழுதுங்கள்” என்றால் யாரும் எழுத மாட்டார்கள். காலிப் பக்கம் என்றால் பயம், முதல் ஆளாக இருக்கத் தயக்கம், மற்ற பாடங்களின் வேலை வேறு. நீங்களே ஒரு பக்கத்தைப் பாதி எழுதி, வேண்டுமென்றே இரண்டு பிழை விட்டு, “வெள்ளிக்குள் இந்தப் பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்துங்கள்” என்று தொடங்குங்கள். இரண்டாம் வாரம் ஆளுக்கு ஒரு மேற்கோள் சேர்க்கட்டும். சொந்தமாகப் பக்கம் எழுதுவது மூன்றாம் வாரம். முக்கியமாக, முதல் திருத்தத்தை வகுப்பு நேரத்திலேயே செய்ய வையுங்கள். வீட்டில் போய்ச் செய்யச் சொன்னால் கடவுச்சொல் மறந்துபோயிற்று என்ற கதைதான் வரும்.

ஒருத்தன் எல்லாத்தையும் அழிச்சுட்டா?

வரலாறு பக்கத்தில் பழைய வடிவத்தைத் திறந்து மீளமைத்தால் சில நொடிகளில் திரும்பி வந்துவிடும். இதை முதல் நாளே வகுப்பின் முன்னால் செய்து காட்டுங்கள்: ஒரு பக்கத்தை முழுக்க அழித்து, திரும்பக் கொண்டுவாருங்கள். அழிப்பதில் சுவாரசியமே இல்லை என்று தெரிந்துவிட்டால் விளையாட்டுப் பிள்ளைகளும் விட்டுவிடுவார்கள்.

“அவ எழுதினதை நான் எப்படி மேடம் மாத்துறது, கோச்சுக்குவா”ன்னு சொல்றாங்க. இதுக்கு என்ன பண்றது?

நான் கேட்டவற்றிலேயே சரியான கேள்வி இது. நம் வகுப்பறையில் ஒருவர் நோட்டில் இன்னொருவர் கை வைப்பது மரியாதைக் குறைவு. பதினைந்து ஆண்டு அப்படிப் பழகிய பிள்ளையிடம் “தோழியின் பத்தியைத் திருத்து” என்றால் தயங்கத்தான் செய்யும். இந்தத் தயக்கத்தால் பல விக்கிகள் ஆளுக்கொரு பத்தியாக ஒட்டிய தாளாகவே முடிந்துபோகின்றன. கீழே கீழே சேர்ப்பார்கள், மேலே உள்ளதைத் தொட மாட்டார்கள். மூன்று பத்தி ஒரே செய்தியைச் சொல்லும்.

திருத்துவதை ஒரு பொறுப்பாகக் கொடுத்தால் கூச்சம் குறைகிறது. இந்த வாரம் கார்த்திக் சான்று சரிபார்ப்பவர், நசீமா மொழி திருத்துபவர், ஜோசப் திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குபவர். அடுத்த வாரம் பொறுப்பு மாறும். “நானாகச் செய்யவில்லை, வேலை அப்படி” என்று சொல்லிக்கொள்ள வழி கிடைக்கிறது. அப்புறம் ஒரு விதி: ஒரு வரியை நீக்கினால் உரையாடல் பக்கத்தில் ஏன் என்று ஒரு வாக்கியம் எழுத வேண்டும். நீக்கப்பட்டவர் ஏற்காவிட்டால் அங்கேயே பதில் சொல்லலாம். மூத்த மாணவர், இளைய மாணவர் கலந்த குழுவில் இந்த விதி இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

குழுவுல ஒரே ஒரு பொண்ணுதான் எல்லாம் எழுதுது. எல்லாருக்கும் ஒரே மார்க் போட மனசு வரல.

வர வேண்டியதும் இல்லை. காகிதத்தில் குழு வேலை கொடுக்கும்போது யார் செய்தார்கள் என்று தெரியாது. விக்கியில் முதல் பதிலில் சொன்ன வரலாறு பக்கம் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிடும். பக்கத்தின் தரத்துக்குக் குழு முழுக்க ஒரே மதிப்பெண், அவரவர் பங்களிப்புக்குத் தனி மதிப்பெண் என்று பிரியுங்கள். நான் பாதிக்குப் பாதி வைக்கச் சொல்வேன். கூச்சம் அதிகமுள்ள வகுப்பில் தனி மதிப்பெண் கூடுதலாக இருக்கட்டும்.

திருத்தங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். அது தெரிந்த மறுநாளே காற்புள்ளி போட்டுச் சேமி, காற்புள்ளி எடுத்துச் சேமி என்று ஆரம்பித்துவிடுவார்கள். எத்தனை சொல் சேர்த்தார் என்பதும் சரியான அளவு அல்ல. நானூறு சொல்லை நூற்றைம்பதாகச் சுருக்கியவர் பெரிய வேலை செய்திருக்கிறார், கணக்கில் கழித்தலாகத் தெரியும். எளிய வழி: ஒவ்வொரு மாணவரும் தன்னுடைய சிறந்த மூன்று திருத்தங்களைத் தேர்ந்தெடுத்து, ஏன் செய்தேன் என்று ஓரிரு வரி எழுதித் தரட்டும். நீங்கள் அந்த மூன்றையும் வரலாற்றில் திறந்து பார்த்தால் போதும். அறுபது பேர் வகுப்பிலும் இது முடிகிற வேலைதான்.

ஒரு குறிப்பு. நான்கு பேர் ஒரே கைப்பேசியில் உட்கார்ந்து எழுதினால் வரலாற்றில் ஒரு பெயர்தான் இருக்கும். எல்லோரிடமும் கருவி இல்லாத இடத்தில் இது நடக்கும், அதைத் திருட்டாக நினைக்க வேண்டாம். திருத்தச் சுருக்கத்தில் (சேமிக்கும்போது என்ன மாற்றினோம் என்று எழுதும் சிறு பெட்டி) யார் சொல்லச் சொல்ல எழுதியது என்று பெயர் போடச் சொல்லுங்கள்.

வலைப்பூவுல பின்னூட்டம்னா “அருமை”, “சூப்பர்” தவிர ஒண்ணும் வரல.

பெரியவர்களின் வலைப்பூவிலும் அதுதான் நடந்தது. தமிழ் வலைப்பூக்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய தமிழ்மணம் திரட்டி கொடிகட்டிப் பறந்த காலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பின்னூட்டத்துக்கும் ஒரு வடிவம் கொடுங்கள்: பதிவிலிருந்து ஒரு வரியை எடுத்துக்காட்டி, அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதிவை எழுதியவர் இரண்டு கேள்விக்காவது பதில் தர வேண்டும். யார் யாருக்குப் பின்னூட்டம் போடுவது என்பதையும் நீங்களே ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நன்றாக எழுதும் இரண்டு பேருக்கு இருபது வரும், மற்றவர்களுக்கு ஒன்றும் வராது. அப்படி ஒன்றும் வராத பிள்ளை மூன்றாவது பதிவு எழுதாது.

பிள்ளைங்க பேரு, போட்டோ போடலாமா? பெற்றோர் சண்டைக்கு வந்தா?

படம் வேண்டாம். முழுப் பெயர், பள்ளிப் பெயர், வகுப்பு மூன்றும் சேர்ந்து ஒரே இடத்தில் வரவே வேண்டாம். புனைபெயர் வைத்துக்கொள்ளட்டும், எந்தப் புனைபெயர் யாருடையது என்ற பட்டியல் உங்களிடம் காகிதத்தில் இருந்தால் போதும். பிளாக்கரில் வாசகர்களை நீங்கள் அழைப்பவர்களுக்கு மட்டும் என்று சுருக்க முடியும்.

இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஆகவே எந்தத் தளம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்ற மூன்றையும் தமிழில் ஒரு தாளில் எழுதி, பெற்றோர் கையெழுத்தும் தலைமை ஆசிரியர் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். மறுத்தால் அந்தப் பிள்ளைக்குக் காகிதத்தில் அதே வேலை. மதிப்பெண் குறையக் கூடாது.

நேரா தமிழ் விக்கிப்பீடியாவுலயே எழுத வைக்கலாம்னு இருக்கேன். சரியா வருமா?

வரும், ஆனால் அங்கே நீங்கள் விருந்தாளி. இரண்டு பழைய கதைகள் இருக்கின்றன. 2008-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் பீஸ்லி-மரே தன் லத்தீன் அமெரிக்க இலக்கிய மாணவர்களை ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுத வைத்தார். ஒரே பருவத்தில் 3 கட்டுரைகள் சிறப்புக் கட்டுரைத் தகுதியும் (அங்கே தரத்தில் உச்சம்), 8 கட்டுரைகள் நல்ல கட்டுரைத் தகுதியும் பெற்றன. ஒரு சிறு வகுப்பு. அனுபவமுள்ள விக்கிப்பீடியர்கள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். 2011-இல் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை புனேயின் சில கல்லூரிகளில் பெரிய அளவில் அதே போன்ற ஒன்றைத் தொடங்கியது. மாணவர்கள் பலர் நூல்களிலிருந்தும் தளங்களிலிருந்தும் அப்படியே எடுத்து ஒட்டினார்கள். கண்டுபிடித்து நீக்கியே தன்னார்வலர்கள் களைத்துப் போனார்கள், அந்த ஆண்டு நவம்பரிலேயே திட்டத்தை நிறுத்தினார்கள். மாணவர் தொகை கூடிப்போய், வழிகாட்ட ஆள் குறைந்தால் இப்படித்தான் ஆகும்.

எனவே சிறிய குழுவோடு தொடங்குங்கள். முதலில் ஆலமரத்தடியில் (தமிழ் விக்கிப்பீடியர்கள் பொதுவாகப் பேசிக்கொள்ளும் பக்கம்) உங்கள் திட்டத்தைச் சொல்லுங்கள். உதவ ஆள் கிடைக்கும். 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டிக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்திய சமூகம் அது, மாணவர்கள் புதியவர்கள் அல்லர். எழுதுவது எல்லாம் முதலில் மணல்தொட்டியில் (எழுதிப் பழகும் பக்கம்), நீங்கள் பார்த்த பிறகே கட்டுரைவெளியில் (உண்மையான கட்டுரைகள் இருக்கும் பகுதி). இன்னொன்று, ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் 6 கணக்குதான் புதிதாகத் தொடங்க முடியும். ஆய்வகத்தில் முப்பது பேரை உட்கார வைத்துவிட்டு ஏழாவது ஆளிடம் விழிக்காதீர்கள். முந்தைய வாரமே அவரவர் கைப்பேசியில் தொடங்கிக்கொண்டு வரட்டும்.

மதிப்பெண்ணை அந்தக் கட்டுரை நிலைத்து நிற்கிறதா என்பதோடு கட்ட வேண்டாம். முன்பின் தெரியாத ஒருவர் நியாயமாகவே அதை நீக்கக்கூடும். மேலும் அங்கே சேமிக்கும் ஒவ்வொரு எழுத்தும் யாரும் எடுத்தாளலாம் என்ற பொது உரிமத்தில் வெளியாகிறது, திரும்பப் பெற முடியாது. இதை மாணவரிடம் முன்பே சொல்லி, விரும்பாதவருக்கு வகுப்பு விக்கியில் மாற்று வேலை கொடுங்கள்.

சாட்ஜிபிடி வந்த பிறகு இதெல்லாம் வீண்தானே? அதுவே எழுதிக் கொடுத்துடுதே.

முடிந்த கட்டுரையை மட்டும் பார்த்து மதிப்பிட்டால் வீண்தான். விக்கியில் கட்டுரை வளர்ந்த விதமும் தெரியும். உண்மையில் எழுதப்பட்ட பக்கம் தட்டுத்தடுமாறி வளரும்: ஒரு வரி சேரும், அரைவரி போகும், உரையாடலில் ஒரு சந்தேகம் வரும். இரவு 11.50-க்கு அறுநூறு சொல் ஒரே சேமிப்பில் வந்து விழுந்தால் கேட்க வேண்டிய கேள்வி உங்களுக்கே தெரியும். உடனே குற்றம் சாட்டாதீர்கள். வேறெங்கோ எழுதி ஒட்டுகிற பழக்கமுள்ள பிள்ளைகளும் உண்டு. வகுப்பில் எழுப்பி “இந்த மூன்றாவது வாக்கியத்துக்கு எந்த நூல் சான்று?” என்று கேளுங்கள், போதும்.

விக்கிப்பீடியாவில் எழுத வைக்கிறவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. சரிபார்க்காமல் இயந்திரம் எழுதிய பக்கங்களை விவாதமின்றி விரைவாக நீக்க 2025 ஆகஸ்டில் ஆங்கில விக்கிப்பீடியா விதி கொண்டுவந்துவிட்டது.

எல்லாரும் சேர்ந்து ஒரு கதை எழுதலாமா விக்கியில?

எழுதலாம், வேடிக்கையாக இருக்கும். நல்ல கதை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2007-இல் பெங்குயின் பதிப்பகமும் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து பொதுமக்கள் எழுதும் விக்கி நாவல் ஒன்றைத் திறந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே வந்தார்கள். ஒருவர் கதை நெடுக வாழைப்பழத்தை நுழைத்துக்கொண்டே இருந்தார். கதைக்கு வலைப்பூ மேல்: ஒருவர் ஒரு அத்தியாயம், அடுத்தவர் அடுத்த பதிவில் தொடரட்டும்.

வருஷம் முடிஞ்சதும் இதை என்ன செய்றது?

பிரதி எடுத்து வையுங்கள். 2005-இல் தொடங்கிய விக்கிஸ்பேசஸ் தளத்தில் உலகம் முழுக்க ஆசிரியர்கள் வகுப்பு விக்கி வைத்திருந்தார்கள். 2018-இல் அதை மூடிவிட்டார்கள். இலவசத் தளம் எதுவும் நிரந்தரம் இல்லை. பிளாக்கரிலும் வேர்ட்பிரஸிலும் முழு வலைப்பூவையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. மீடியாவிக்கியிலும் பக்கங்களை வரலாற்றோடு ஏற்றுமதி செய்யலாம்.

வகுப்பு விக்கியை அழிக்காமல் அடுத்த அணியிடம் கொடுக்கலாம். பெற்றோருக்குக் கொடுத்த தாளில் அழிக்கும் நாள் குறித்திருந்தால் அந்த வாக்கு முக்கியம். பெயர்களை நீக்கிவிட்டு உள்ளடக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ள முன்பே அனுமதி வாங்கியிருந்தால் சிக்கலில்லை. புதிய மாணவர்களுக்குக் காலிப் பக்கப் பயம் இருக்காது, திருத்த நிறையக் கிடைக்கும். முகம் தெரியாத அண்ணன் அக்கா எழுதியதைத் திருத்த அவர்களுக்குக் கூச்சமும் குறைவு. பழைய மாணவர்களின் தொகுக்கும் உரிமையை எடுத்துவிட்டு, படிக்கும் உரிமையை மட்டும் விட்டு வையுங்கள்.